இணையத்தில் ஓடும் சமையல் குறிப்புகள்: நம் வீட்டு அடுப்பில் வருகிறதா, வரவில்லையா?

அடுக்களைத் தராசு (சென்னை)

யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் லட்சக்கணக்கானோர் பார்த்த குறிப்புகளில் எவை நம் வீட்டில் உண்மையிலேயே வருகின்றன என்று பதிவு செய்யத்தான் இந்த இழை. "சூப்பர் சிஸ்டர், நாளைக்கே செய்கிறேன்" என்று வீடியோவுக்குக் கீழே எழுதுபவர்களில், செய்துவிட்டுத் திரும்பி வந்து சொல்பவர்கள் ரொம்பக் குறைவு. அதனால் அது நல்ல குறிப்பா, நன்றாகப் படம் பிடித்த குறிப்பா என்று தெரியாமலே போய்விடுகிறது.

ஒரே ஒரு நிபந்தனை. முதல் தடவை குறிப்பில் உள்ளபடியே செய்யுங்கள். சர்க்கரைக்கு வெல்லம், மைதாவுக்கு ராகி என்று மாற்றிவிட்டு "வரவில்லை" என்று எழுதினால் சோதிக்கப்பட்டது அந்தக் குறிப்பு இல்லை. என்ன பாத்திரம், என்ன அடுப்பு, எதில் அளந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நான் வெங்காயத்தில் தொடங்குகிறேன். பாதிக் குறிப்புகளில் "வெங்காயத்தைப் பொன்னிறமாகும் வரை வதக்கவும் (5 நிமிடம்)" என்று இருக்கிறது. அரை கிலோ பெல்லாரி வெங்காயம், மெல்லிசாக நறுக்கியது, 4 மேசைக்கரண்டி எண்ணெய், அடி கனமான வாணலி, மிதமான தீ. 5 நிமிடத்தில் கண்ணாடி போல ஆனது, அவ்வளவுதான். பொன்னிறம் வர 20 நிமிடத்துக்கு மேல் ஆனது. பிரியாணிக்கு வேண்டிய அந்தப் பழுப்பு வருவதற்குள் முக்கால் மணி நேரத்தை நெருங்கிவிட்டது.

காரணம் எளிது. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது வற்றாதவரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நிறம் மாறுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், உள்ளே பச்சையாக இருக்கும்.

இது தமிழ்க் குறிப்புகளுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. டாம் ஸ்கோக்கா என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2012இல் ஸ்லேட் இதழில் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். பெரிய பெரிய பத்திரிகைகளின் குறிப்புகளே 5 நிமிடம், 10 நிமிடம் என்று கூசாமல் எழுதுவதை எடுத்துப்போட்டு, அடுப்பருகே நின்று வதக்கிக் காட்டினார். வேடிக்கை 2017இல் நடந்தது. வெங்காயம் பழுப்பாக எவ்வளவு நேரம் என்று கூகுளில் தேடினால், மேலே பெரிய எழுத்தில் "5 நிமிடம்" என்று பதில். எடுத்த இடம் எது என்று பார்த்தால், அவருடைய அதே கட்டுரை! பொய் என்று காட்ட அவர் மேற்கோள் போட்ட வரியை உண்மையான பதிலாகத் தூக்கி வைத்திருந்தது கூகுள்.

மதுரை மல்லி

அண்ணா, 5 நிமிடம் என்று ஏன் போடுகிறார்கள் என்பதில் ரகசியமே இல்லை. "மொத்தம் 1 மணி 20 நிமிடம்" என்று தலைப்பில் இருந்தால் யார் பார்ப்பார்கள்? வீடியோவில் ஒரு வெட்டு விழுந்ததும் வெங்காயம் சிவந்துவிடுகிறது. நாம் இங்கே கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருக்கிறோம்.

சோடா உப்பு போட்டால் சீக்கிரம் சிவக்கும் என்று ஒரு குறிப்பு சுற்றுகிறதே, அதைச் செய்து பார்த்தேன். அரை கிலோவுக்குக் கால் தேக்கரண்டிக்கும் கம்மியாக. நிறம் உண்மையிலேயே சீக்கிரம் வருகிறது. ஆனால் வெங்காயம் கூழாகிவிடுகிறது. குருமாவில் அரைத்துவிடப் போகிறோம் என்றால் சரி. பிரியாணி மேலே தூவ நினைத்தால் மறந்துவிடுங்கள்.

பழைய சோறு (தஞ்சாவூர்)

இதெல்லாம் வேண்டாத வேலை. என் அம்மா எந்தக் கரண்டியிலும் அளந்ததில்லை. கண் பார்த்துக் கை செய்யும். சமையலைச் சோதனைச்சாலையாக்கி நிமிடம், டிகிரி என்று பேசுகிறீர்கள். கைப்பக்குவம் இருந்தால் எந்தக் குறிப்பும் வரும், இல்லாவிட்டால் எதுவும் வராது.

அடுக்களைத் தராசு

ஐயா, உங்கள் அம்மா அளக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அரிசிக்கு ஒரு ஆழாக்கு, உப்புக்கு ஒரு அகப்பை, தண்ணீருக்கு விரல் கணு, எல்லாமே அளவுதான். அதே பானை, அதே அடுப்பு, அதே கடை அரிசி என்று பல வருடம் ஓடியதால் அளப்பது வெளியில் தெரியவில்லை. யூடியூபில் வரும் அம்மாவின் பானை நம்மிடம் இல்லையே! அவர் "ஒரு டம்ளர்" என்று சொன்னால் அது எந்த டம்ளர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மெல்பர்ன் வாணி

டம்ளரை விடுங்கள், "கப்" என்ற ஒன்றே ஊருக்கு ஊர் மாறுகிறது. அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240 மில்லி. இங்கே ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200. ரைஸ் குக்கரோடு தரும் பிளாஸ்டிக் கப் 180. நம் ஊர் ஆழாக்கு 168. தண்ணீருக்கும் அரிசிக்கும் ஒரே கப்பைப் பயன்படுத்தினால் பிரச்சினை இல்லை, விகிதம் மாறாது. முட்டை, ஈஸ்ட், பேக்கிங் பவுடர் வரும் குறிப்புகளில்தான் சிக்கல். "2 கப் மைதா, 2 முட்டை" என்பதில் கப் சுருங்கினாலும் முட்டை சுருங்காது.

மேசைக்கரண்டி இன்னும் மோசம். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் 15 மில்லி, இங்கே 20. நான் இங்கே வாங்கிய கரண்டியில் அமெரிக்க கேக் குறிப்பைச் செய்தால் மேசைக்கரண்டியில் சொன்ன எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

மாவைக் கப்பால் மொண்டால் அழுத்தத்தைப் பொறுத்து 120 கிராமும் வரும், 150 கிராமும் வரும். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். கிராமில் அளவு தராத கேக் குறிப்பை நான் இப்போதெல்லாம் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

குன்னூர்க்காரன்

கப்புக்கு அப்புறம் விசிலுக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. "துவரம்பருப்பு 3 விசில்." எந்தக் குக்கரில்? சில குக்கரில் வெயிட் நிமிடத்துக்கு ஒரு தடவை சீறும். சிலதில் ரொம்ப நேரம் கழித்து ஒன்று வரும். தீயைக் கூட்டினால் விசில் சீக்கிரம் வரும், பருப்பு வேகிற நேரம் மட்டும் குறையாது. சாதாரணக் குக்கரில் முழு அழுத்தம் ஏறியதும் உள்ளே 120 டிகிரி அளவுக்கு இருக்கும். அந்தச் சூட்டில் எத்தனை நிமிடம் இருந்தது என்பதுதான் கணக்கு. "முதல் விசிலுக்கு அப்புறம் சிம்மில் 8 நிமிடம்" என்று எழுதும் குறிப்பை நம்பலாம்.

எங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. குன்னூர் 1,800 மீட்டருக்கு மேலே. தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னைக்காரர் "திறந்த பாத்திரத்தில் 20 நிமிடம்" என்று சொல்லும் கொண்டைக்கடலை இங்கே மணிக்கணக்கில் கல்லாகவே கிடக்கும். குறிப்பின் மேல் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. அவர் மலையில் சமைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

மதுரை மல்லி

திறந்த பாத்திரத்தில் 20 நிமிடத்தில் கொண்டைக்கடலை சென்னையிலும் வேகாது தம்பி. அது மலை மேல் போட வேண்டிய பழி இல்லை :)

காபிப் பைத்தியம் (கும்பகோணம்)

டல்கோனா காபி (நுரையாக அடித்துப் பால் மேல் போடுவது) யாரும் இன்னும் சொல்லவில்லையே. 2020 ஊரடங்கில் உலகமே இதைக் கலக்கிக்கொண்டிருந்தது. ஜங் இல்-வூ என்ற கொரிய நடிகர் சீனாவின் மக்காவ் நகரில் குடித்த காபியைப் பற்றி அந்த வருடம் ஜனவரியில் ஒரு டிவி நிகழ்ச்சியில் சொல்லப் போக, அங்கிருந்து கிளம்பியது. வடக்கே இதைப் பல காலமாகக் கையால் அடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு கதை.

2 மேசைக்கரண்டி இன்ஸ்டன்ட் காபித் தூள், 2 சர்க்கரை, 2 வெந்நீர். அடிக்க வேண்டும், அவ்வளவே. வருகிறது. சந்தேகமே வேண்டாம். முட்டை அடிக்கும் பீட்டர் இருந்தால் சில நிமிடம், கரண்டி என்றால் தோள்பட்டை கழன்றுவிடும்.

ஆனால் எங்கள் ஊரில் இருந்துகொண்டு இன்ஸ்டன்ட் தூளைத் தொடுவதா என்று கெட்டியான முதல் டிகாக்ஷனில் சர்க்கரை போட்டு அடித்துப் பார்த்தேன். நுரை எழும்புகிற மாதிரி எழும்பி உட்கார்ந்துவிட்டது. டிகாக்ஷன் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அதில் தண்ணீர்தான் அதிகம். கூடவே கொட்டையின் எண்ணெயும் இறங்கியிருக்கும், அது நுரையை உடைக்கும். இன்ஸ்டன்ட் தூள் என்பது காய்ச்சிய காபியை முழுக்க வற்றவைத்தது. அதிலுள்ள புரதமும் மாவுச்சத்து போன்ற பொருள்களும் அந்தக் கொஞ்சம் தண்ணீரில் நெருக்கமாகக் கரைந்து காற்றைப் பிடித்துக்கொள்கின்றன.

சர்க்கரை இல்லாமலும் நுரை வரும். நிற்காது. சர்க்கரைதான் அந்தக் கலவையைப் பாகாக்கி நுரையைத் தாங்குகிறது. அதனால் "சுகர் ஃப்ரீ டல்கோனா" வீடியோக்களில் கோப்பையைக் காட்டியதும் காட்சி மாறிவிடும், கவனித்துப் பாருங்கள். சிக்கரி கலந்த தூளில் எனக்குக் கொஞ்சம் தளர்வாக வந்தது, மோசமில்லை.

ருசி? அழகாக இருக்கிறது. ஒரு தடவை போதும்.

பழைய சோறு

கும்பகோணத்தில் இருந்துகொண்டு இந்த அநியாயமா!

ரொட்டிப் பிரியன் (கோவை)

பிசையாத ரொட்டி பற்றி எழுதுகிறேன், இது கொஞ்சம் நீளம்.

நியூயார்க்கின் சல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரியை நடத்தும் ஜிம் லேஹி என்பவரின் முறை. 2006 நவம்பரில் மார்க் பிட்மன் நியூயார்க் டைம்ஸில் எழுதிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. இணையத்தில் அதிகம் செய்யப்பட்ட குறிப்புகளில் இது கட்டாயம் இருக்கும். மாவு, உப்பு, கால் தேக்கரண்டி ஈஸ்ட், நிறையத் தண்ணீர். கரண்டியால் கலந்து மூடி 12 முதல் 18 மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். பிசைவதால் வரும் இழுவை, ஈரமும் நேரமும் சேர்ந்தாலே தானாக வந்துவிடும். பிறகு ஓவனிலேயே சூடேற்றிய கனமான இரும்புப் பாத்திரத்தில் போட்டு மூடிச் சுட வேண்டும். மாவிலிருந்து வரும் ஆவி பாத்திரத்துக்குள் அடைபடுவதால் மேல்தோல் உடனே இறுகாது, ரொட்டி நன்றாக எழும்பும்.

தராசு அண்ணன் சொன்னபடி முதலில் அப்படியே செய்தேன். 400 கிராம் மைதா, 300 கிராம் தண்ணீர், 18 மணி நேரம், ஏப்ரல் மாதம். மறுநாள் பார்த்தால் கிண்ணத்தில் இருந்தது புளித்த கஞ்சி. கள் வாடை. ஊற்றலாம், உருட்ட முடியாது.

குறிப்பு பொய்யா என்றால் இல்லை. அவர் சொன்ன நேரம் 21, 22 டிகிரி இருக்கும் சமையலறைக்கு. கோவையில் ஏப்ரலில் என் சமையலறை 32 டிகிரி. ஈஸ்டுக்கு அது கொண்டாட்டம். 7 மணி நேரத்திலேயே மாவு இரண்டு மடங்கைத் தாண்டிக் குமிழ் குமிழாக நின்றது. அப்போதே எடுத்துவிட வேண்டும். அல்லது ஃபிரிட்ஜில் வைத்து மெதுவாகப் பொங்க விடலாம்.

அடுத்தது மாவு. அவர் சொல்வது ரொட்டி மாவு, புரதம் 12 சதவீதம் அளவுக்கு இருக்கும். நம் மைதா பெரும்பாலும் 10 சதவீதத்தை ஒட்டித்தான். அவ்வளவு தண்ணீரை அது தாங்காது. 300ஐ 265 ஆக்கினேன், உருட்ட வந்தது. சப்பாத்தி மாவில் கதை நேர் எதிர், அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

பாத்திரத்துக்கு வார்ப்பிரும்புச் சட்டியும் அதன் இரும்பு மூடியும் போதும். ஓடிஜியில் (சின்ன மின் ஓவன்) உயரம் இடிக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். மூடியில் பிளாஸ்டிக் குமிழ் இருந்தால் கழற்றிவிட வேண்டும். 230 டிகிரியில் மூடி 30 நிமிடம், திறந்து 15 நிமிடம். வெளியே மொறுமொறு, உள்ளே பெரிய பெரிய ஓட்டை. பேக்கரி ரொட்டி போல மிருதுவாக வேண்டும் என்பவர்களுக்கு இது பிடிக்காது. என் அப்பா "பல்லுக்குச் சோதனை" என்று ஒதுக்கிவிட்டார்.

மெல்பர்ன் வாணி

உங்களுக்குக் கோவையில் வெயில் தொல்லை, எனக்கு இங்கே ஜூலையில் இட்லி மாவு பொங்காத தொல்லை. அறை 16 டிகிரியில் கிடக்கும்போது "இரவு முழுக்க வெளியே வையுங்கள்" என்று தமிழ்நாட்டு வீடியோ சொன்னால் மாவு அப்படியே பார்த்துக்கொண்டிருக்கும்.

இதற்கு இணையத்தில் நூறு வைத்தியம். கையால்தான் கலக்க வேண்டும், கைச்சூட்டில் நுண்ணுயிர் வரும் என்பார்கள். கையால் ஒரு பாதி, மரக்கரண்டியால் ஒரு பாதி கலக்கி இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே மாதிரி பொங்கின. இட்லி மாவைப் பொங்க வைக்கும் லியூகோநாஸ்டாக் என்ற நுண்ணுயிர் உளுந்தோடும் அரிசியோடும் கூடவே வருகிறது. 1960களிலேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். அதற்கு வேண்டியது 30 டிகிரி சூடு. ஓவனின் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் போதும். அயோடின் உப்பு போட்டால் பொங்காது என்பதையும் பார்த்தேன், கல் உப்பு மாவுக்கும் அதற்கும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

பழைய சோறு

கையால் கலக்குவதையும் விட்டுவைக்கவில்லையா? வெந்தயமாவது மிஞ்சுமா?

மெல்பர்ன் வாணி

வெந்தயம் மிஞ்சும் ஐயா. போட்டால் மாவு வழுவழுப்பாகிக் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. அதில் நான் உங்கள் பக்கம்.

ஃபிரிட்ஜ் ராணி

ஃபெட்டா (கிரேக்க நாட்டுச் சீஸ்) பாஸ்தா ஒரு ஏமாற்று வேலை. பன்னீர்க் கட்டியை நடுவில் வைத்து, சுற்றிலும் நாட்டுத் தக்காளி, எண்ணெய், ஓடிஜியில் 200 டிகிரி. வெளியே எடுத்தால் பன்னீர் ரப்பர் மாதிரி நிற்கிறது, கீழே தக்காளிக் குளம். கலக்கினால் "கிரீம் போல இளகும்" என்றார்களே, ஒரு மண்ணும் இளகவில்லை.

அடுக்களைத் தராசு

முதல் பதிவில் நான் வைத்த நிபந்தனையை ஒரு தடவை படித்துவிடுங்கள் அக்கா. ஃபெட்டா பாஸ்தாவில் ஃபெட்டாவே இல்லை!

பின்லாந்தில் 2019இல் பரவி, 2021 தொடக்கத்தில் டிக்டாக்கால் உலகம் சுற்றிய குறிப்பு இது. ஃபெட்டா சூட்டில் குழைந்துவிடும், உப்பும் புளிப்பும் அதிலேயே இருக்கும். பன்னீர் பாலைச் சூடாக்கி எலுமிச்சை பிழிந்து திரித்தது. அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் புரதம் இறுகிப் பிடித்துக்கொள்வதால் அதற்கப்புறம் சூடாக்கினால் தண்ணீர்தான் வெளியே வரும், உருகவே உருகாது. பன்னீர் பட்டர் மசாலாவில் துண்டு துண்டாக நிற்பதும் இந்தக் குணத்தால்தான்.

ஃபிரிட்ஜ் ராணி

எங்கள் ஊரில் ஃபெட்டா கிடைக்காது. கிடைத்தாலும் 200 கிராமுக்கு அவர்கள் கேட்கும் விலையில் ஒரு வாரக் காய்கறி வாங்கிவிடலாம். "ஃபெட்டா இல்லாவிட்டால் பன்னீர்" என்று அந்தத் தமிழ் வீடியோவிலேயே சொன்னார்கள். நான் அவர்கள் சொன்னபடிதான் செய்தேன். உங்கள் நிபந்தனைப்படி இது சோதனைதான், வீடியோ தோற்றுவிட்டது.

மதுரை மல்லி

ராணி சொல்வது நியாயம். மாற்றுப் பொருளைக் குறிப்பே சொன்னால் அதையும் அவர்கள் செய்து பார்த்திருக்க வேண்டும். "முட்டைக்குப் பதில் தயிர், வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய், மைதாவுக்குப் பதில் கோதுமை" என்று கீழே வரிசையாகப் போடுகிறார்கள். மூன்றையும் ஒரே கேக்கில் மாற்றி ஒருவராவது சுட்டிருப்பார்களா?

ராணி, பன்னீரை மிக்ஸியில் கொஞ்சம் பால், உப்பு, எலுமிச்சை விட்டு விழுதாக அரைத்து, சுட்ட தக்காளியில் கடைசியில் கலந்து பாருங்கள். ஃபெட்டா ஆகாது. ஆனால் நன்றாக இருக்கும்.

அடுக்களைத் தராசு

சரி, ஒத்துக்கொள்கிறேன். ராணி கணக்கில் ஒன்று.

நெறியாளர்

ஒரு சின்னக் குறுக்கீடு. சிலவற்றைச் சோதிக்கவே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ஆன் ரியர்டன் என்ற உணவு அறிவியல் படித்தவர் யூடியூபில் இப்படிப்பட்ட வீடியோக்களைச் செய்து காட்டி உடைக்கிறார். பச்சைச் சோளக் கதிரை அப்படியே மைக்ரோவேவில் வைத்தால் பாப்கார்ன் பொரியும் என்பது அதில் ஒன்று. பொரியாது. பாப்கார்ன் சோளம் தனி ரகம், காயவைத்து உள்ளே 14 சதவீதம் ஈரம் மட்டும் நிற்க வேண்டும், மேல்தோல் கெட்டியாக இருந்தால்தான் அழுத்தம் ஏறி வெடிக்கும். இதில் கதிரோடு போச்சு. ஆனால் ஸ்ட்ராபெரியை பிளீச்சில் ஊறவைத்து வெள்ளையாக்கும் வீடியோவும் அதே கூட்டத்தில் இருந்தது. அந்த மாதிரி எதையும் இங்கே பதியாதீர்கள்.

குக்கர் கேக் செய்பவர்களுக்கும்: தண்ணீர் இல்லாமல் குக்கரைச் சூடாக்கும்போது கேஸ்கெட், வெயிட் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். அடியில் உப்போ மணலோ போடுவது சூட்டைப் பரப்பத்தான். ஒரு தாங்கி மேல் பாத்திரத்தை வைத்தால் உப்பு இல்லாமலும் வெந்துவிடும்.

பாய் வீட்டுப் பக்கத்து வீடு (ஆம்பூர்)

எல்லோரும் தவறவிடும் ஒன்று. குறிப்பு "1 கப் பாசுமதிக்கு 2 கப் தண்ணீர்" என்றிருக்கும். ஒரு கப்புக்கு அழகாக வரும். விருந்தாளி வந்தார்கள் என்று 5 கப் போட்டு 10 கப் தண்ணீர் ஊற்றினால் களி.

அரிசி உதிரியாக வேக, தன் அளவுக்குச் சமமான தண்ணீரைத்தான் குடிக்கிறது, ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. மீதி ஆவியாகப் போவது. ஆவி போவது பாத்திரத்தின் வாயையும் மூடியையும் நேரத்தையும் பொறுத்தது, அரிசியின் அளவைப் பொறுத்ததல்ல. ஒரு கப்புக்கு 2 கப் ஊற்றினால் அதில் ஒன்று ஆவிக்கு. 5 கப்புக்கும் அதே பாத்திரம் என்றால் ஆவிக்கு ஒன்று, ஒன்றரைதான் போகும். ஆக 6, 6½ கப். 10 எங்கே, 6½ எங்கே!

எங்கள் தெருவில் கல்யாணத்துக்கு தேக்ஸா (பெரிய பிரியாணிப் பாத்திரம்) வைக்கும் மாஸ்டர் இந்தக் கணக்கெல்லாம் போடுவதில்லை. ஊறவைத்த அரிசியைக் கொதிக்கும் நீரில் முக்கால் வேக்காடு வேகவிட்டு வடித்துவிடுவார். தம் போடும்போது மசாலாவில் இருக்கும் ஈரமே போதும். வடித்துச் செய்தால் விகிதம் என்ற பேச்சே இல்லை.

குன்னூர்க்காரன்

இது சீரகச் சம்பாவுக்கும் பொருந்துமா அண்ணா? குழைய வேண்டிய பொங்கலுக்கு?

பாய் வீட்டுப் பக்கத்து வீடு

சீரகச் சம்பாவுக்குப் பொருந்தும், அரை மணி ஊறவைத்தால் தண்ணீர் இன்னும் குறையும். பொங்கல், குழைந்த சாதம் என்றால் அரிசி நிறையக் குடிக்கும், அங்கே இந்தக் கணக்கை எடுக்காதீர்கள்.

பழைய சோறு

வர்ற ஞாயிறு பேரன் காதுகுத்து. 25 பேருக்கு வெஜிடபிள் பிரியாணி, வீட்டிலேயே செய்வதாக முடிவு. யூடியூபில் பார்த்தது 2 கப் அரிசிக்கு 3½ கப் தண்ணீர். நான் 3 கிலோ போடப் போகிறேன். எவ்வளவு ஊற்றுவது?

பாய் வீட்டுப் பக்கத்து வீடு

ஐயா, 3 கிலோவுக்கு ஊற்றாதீர்கள், வடித்துவிடுங்கள். அகலமான அலுமினிய தேக்ஸா, அரிசியைப் போல நாலைந்து மடங்கு தண்ணீர், கடல் நீர் போல உப்பு. பாசுமதி என்றால் 5 நிமிடத்திலிருந்து ஒவ்வொரு பருக்கையாக எடுத்து நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும்போதே வடிக்க வேண்டும்.

அடுக்களைத் தராசு

வெங்காயம் மட்டும் சனிக்கிழமை ராத்திரியே பொரித்து வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. ஒன்றரை கிலோ என்றால் மூன்று நான்கு ஈடாகும். வீடியோவில் என்ன நிமிடம் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கவே வேண்டாம்.

பழைய சோறு

சரி. தராசு வாங்கச் சொல்லிவிடாதீர்கள், அதை மட்டும் கேட்க மாட்டேன். எத்தனை நிமிடத்தில் வடித்தேன் என்று திங்கட்கிழமை எழுதுகிறேன்.